மேசைக்கு இந்தப் பக்கம்

4 மார்ச் 2025, செவ்வாய்

காலையில் முதல் வேலையே, சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியின் புரோகிராமர் வேலைக்கு இன்டர்வியூ எடுப்பது. சென்னையிலிருந்து ஒரு பையன், வீடியோவில், 45 நிமிடம். ஒரே ஆள் சர்வருக்கு நிமிடத்துக்கு 100 கோரிக்கைக்கு மேல் அனுப்பினால் தடுக்கிற புரோகிராம் கேட்டேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். "யோசிக்கிறதைச் சத்தமா சொல்லுங்களேன்" என்று தூண்டியும் பார்த்தேன். "ஒரு நிமிஷம் மேம்." அவ்வளவுதான். பிறகு ஒரே மூச்சில் முழுப் புரோகிராமையும் அடித்து முடித்தான். பிழையே இல்லை.

விடை தெரிந்தால்தான் கை தூக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். அரைகுறை யோசனையை வாய்விட்டுச் சொன்னால் அடிதான் விழும். என் மதிப்பீட்டுப் படிவமோ அந்த அரைகுறை யோசனையைத்தான் கேட்கிறது.

மிச்ச நேரத்தில், "இதே புரோகிராம் பத்து சர்வர்ல ஓடினா?" என்றேன். ஆளே மாறிவிட்டான். ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாக எண்ணினால் 100 என்பது 1,000 ஆகிவிடும். எண்ணிக்கையை எல்லா சர்வரும் பார்க்கிற ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் பொதுவாக வைக்கணும். எண்ணிப் பார்ப்பதும் ஒன்று கூட்டுவதும் நடுவில் யாரும் புகாதபடி ஒரே செயலாக நடக்கணும். அந்த ரெடிஸே விழுந்தால் எல்லாரையும் உள்ளே விடுவதா, எல்லாரையும் தடுப்பதா? கடகடவென்று கொட்டினான். பண்டிகை விற்பனை ஒன்றில் ராத்திரி முழுக்கப் பட்ட பாடாம்.

5 மார்ச், புதன்

படிவம் எழுதியே மதியம் போய்விட்டது. நான் எழுதித் தரலாம், முடிவு குழுவுடையது. கூகுளும் இப்படிக் குழு வைத்துத்தான் வளர்ந்தது. அமேசானில் வேறு டீமிலிருந்து வந்து உட்காரும் 'பார் ரெய்சர்' வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆள் பற்றாக்குறையில் தவிக்கிற மேனேஜர் கிடைத்தவரை எடுத்துவிடக் கூடாதே.

8 மார்ச், சனி

தேக்கா சந்தையில் மீன் வாங்க அக்கா மகனும் கூட வந்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்ஸில் கடைசி வருடம்.

"சித்தி, இன்டர்வியூவுக்கு லீட்கோட் சைட்ல இருக்கிற ஹார்ட் புரோகிராமிங் புதிர் எல்லாம் முடிக்கணுமா?"

மேக்ஸ் ஹவல் கதையைச் சொன்னேன். மேக் வைத்திருக்கும் புரோகிராமர்கள் பலர் மென்பொருள் நிறுவ நம்பியிருக்கும் ஹோம்ப்ரூவை எழுதியவர். கிளைகிளையாகப் பிரியும் 'பைனரி ட்ரீ' என்ற தரவு அமைப்பை இடவலமாகத் திருப்பத் தெரியாததால் கூகுள் தன்னை வேண்டாம் என்றதாக 2015இல் ட்விட்டரில் பொரிந்து தள்ளினார்.

"அவருக்கே அப்படின்னா எனக்கு?"

"நீ அந்த ட்ரீயை நல்லாப் போட்டுப் பழகிக்கோ."

விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் மாதிரிக் கேள்விகள் வருமா என்றும் பயந்தான். கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்று தோன்றுவதைத் தவிர அவற்றால் பயனில்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013இல் சொல்லிவிட்டார். அந்தப் பயமாவது போகட்டும்.

வஞ்சிரம் விலை கேட்டு இருவருமே வாயை மூடிக்கொண்டோம்.

11 மார்ச், செவ்வாய்

ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டார்கள். கலிஃபோர்னியாவுக்கு மாலை 5 என்றால் நமக்குக் காலை 9 ஆக இருந்தது 8 ஆகிவிட்டது. பால் விடாத கோப்பி ஓவோடு, அந்தப் பையனைப் பற்றி முடிவெடுக்கும் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தேன்.

"தன் யோசனையை விளக்கத் தெரியவில்லை" என்றார் இன்னொரு சுற்று எடுத்தவர். ரெடிஸ் பேச்சை வரிக்கு வரி எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது. புதிர் போட்டால் ஊமை, பட்ட அனுபவத்தைக் கேட்டால் பேச்சாளர். எங்களுக்கு வேண்டியது எது என்று கேட்டேன். எடுக்கலாம் என்று முடிவானது.

இனி அவன் இங்கே வேலை பார்க்க எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற அனுமதி. மனிதவள அமைச்சின் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 புள்ளி வேண்டும்: சம்பளம், பட்டம், நிறுவனத்தில் அவன் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர். நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் கால்வாசி அவன் நாட்டவர் என்றால் அந்தப் பிரிவில் பூஜ்யம். எங்கள் அலுவலக மாடியில் மதியச் சாப்பாட்டு வரிசையைப் பார்த்தாலே தெரியும், அங்கே அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. சம்பளமும் பட்டமும் 20, 20 தந்தால் தப்பிப்பான்.

நாளை ஹோ சி மின் நகரிலிருந்து ஒரு பெண். வேலையில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்பதை முதலில் கேட்கப் போகிறேன். புதிர் பிறகு.