நின்றுபோன பில் பணத்தை வசூலித்த கதை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் யூனிஃபார்ம் தைக்கும் யூனிட் நடத்துகிறேன். ஒரு பெரிய கம்பெனியிடம் பில் பணம் மாதக்கணக்கில் நின்றுபோனது. கடைசியில், சிறு தொழில்களுக்கு (எம்.எஸ்.எம்.இ.) வராத பாக்கிக்காக மத்திய அரசு வைத்த ‘எம்.எஸ்.எம்.இ. சமாதான்’ என்ற இணையதளத்தில் புகார் போட்டுத்தான் வாங்கினேன்.

சட்டம் என்னவோ நம் பக்கம்தான். 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ.டி. சட்டப்படி பணம் தர 45 நாளைத் தாண்டிக் கெடு எழுதினால் செல்லாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் “கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராது” என்று மார்க்கெட்டில் சொல்லாத ஆள் கிடையாது.

என்னை உசுப்பிவிட்டது எங்கள் யூனிட்டில் காஜா எடுக்கும் அக்கா. அவர் தண்டல் வாங்கியிருந்தார். 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். தண்டல்காரர் சாயங்காலம் பைக்கை ஆஃப் பண்ணாமலே வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் சனிக்கிழமை கூலியைப் பாதியாகக் கொடுத்த வாரங்களில் அக்கா இன்னொரு தண்டல் எடுத்தார். கணக்குப் பார்த்தால் அந்தக் கம்பெனிக்காக வட்டி கட்டியது அவர்தான். “அவன் குடுத்தத அவன் கேக்குறான், வெக்கமா படுறான்? நீ தெச்சுக் குடுத்தத கேக்க உனுக்கு இன்னா தம்பி கூச்சம்?” என்றார்.

புகார் போட உத்யம் எண், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு எண், வேண்டும். பதிவு இலவசம், காசு கேட்கும் தளங்கள் ஏஜென்ட்கள் நடத்துபவை. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் வம்பில்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த வழி கிடையாது, குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். பி.ஓ. (கம்பெனி தந்த ஆர்டர் கடிதம்), பில், பாக்கியை ஒப்புக்கொண்ட மெயில் எல்லாம் ஏற்றினேன். எனக்குக் கைகொடுத்தது டெலிவரி சலான். கேட்டில் செக்யூரிட்டி தேதி போட்டுக் குத்திய சீல், பக்கத்திலேயே ஸ்டோர்ஸ் ஆளின் கையெழுத்து. “சரக்கு லேட்டா வந்துச்சு” என்று அவர்கள் ஆரம்பித்த பேச்சு அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நோட்டீஸ் போனதும், அதுவரை போனே எடுக்காத அக்கவுன்ட்ஸ்காரர் தானே கூப்பிட்டார். “என்ன சார், நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?” பில் வரும்போது இல்லாத ‘நமக்குள்ள’ நோட்டீஸுக்கு வந்துவிடுகிறது, பாருங்கள்.

90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடப்பில் இழுக்கும். கிண்டியில், இந்தப் புகார்களை விசாரிக்கும் கவுன்சில் முன் நடந்த சமரசப் பேச்சில் அசலை இரண்டு தவணையாகத் தர ஒப்புக்கொண்டார்கள். வட்டியை விட்டுக்கொடுத்தேன். விடாமல் நின்றிருந்தால் அடுத்த கட்டம் மத்தியஸ்தம். தீர்ப்பை எதிர்த்துப் போக அவர்கள் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். எனக்குத் தீபாவளி போனஸ் தலைக்கு மேல் நின்றது, அதனால் கையெழுத்துப் போட்டேன். வசதி இருப்பவர்கள் வட்டியை விடாதீர்கள்.

மார்க்கெட்டில் சொன்னபடியே அந்தக் கம்பெனியிலிருந்து ஆர்டர் வரவில்லை. போன மாதம் வேறொரு பார்ட்டி ‘90 நாள் கிரெடிட்’ என்று பி.ஓ. அனுப்பினார்கள். 45 என்று திருத்தித் திருப்பி அனுப்பினேன். பேசாமல் ஒப்புக்கொண்டார்கள், துணி கட்டிங் டேபிளுக்கு வந்துவிட்டது.