முகூர்த்த நாட்களும் வருகைப் பதிவேடும்

மாணவர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எல்லோரும் ஆசிரியர்களைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து ரசீது எழுதுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாணவன் சொல்வது உண்மையா என்று காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குத்தான் அதிகம். ஆசிரியர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் வருமானச் சான்றிதழைப் பார்க்கிறோம்.

நான் வேலை செய்வது சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரண்டு உண்டு. எழுத்தராகச் சேர்ந்து, இப்போது கண்காணிப்பாளர் நாற்காலியில் இருக்கிறேன். கட்டண ரசீது, போனஃபைடு சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ் எல்லாமே ஒரு கம்பி ஜன்னல் வழியாகத்தான் போய்வருகின்றன. அந்த ஜன்னல் நெடுங்காலமாக 11 மணிக்குத் திறந்து 12.30க்கு மூடிக்கொண்டிருந்தது. காலை ஷிப்ட் வகுப்புகள் நடக்கும் நேரமும் அதுதான். ஜன்னலுக்கு ஒரு பையன் வந்து நின்றால், "வகுப்பு நேரத்தில் இங்கே என்ன வேலை?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். வகுப்பு முடிந்து வந்தாலோ, "நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வா." வருகை குறைந்ததற்கு விலக்குக் கேட்டு விண்ணப்பம் கொடுக்க வருகிறவன், அதற்காக இன்னொரு வகுப்பைத் தவறவிட வேண்டும். இந்த நேரத்தை வகுத்த புண்ணியவான் யாரென்று பழைய கோப்புகளில் தேடியிருக்கிறேன். ஒரு ஆணையும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவரின் சாப்பாட்டு வேளை நாளடைவில் விதியாகிவிட்டது போலும்.

வருகைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 75 சதவீதம் இருந்தால் பருவத் தேர்வு எழுதலாம். 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர்கள் காரணம் காட்டி, கட்டணம் கட்டி விலக்குப் பெறலாம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். அதில் 22 நாள் வராமல் இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கல்லூரியில் முதல் மணி தவறினால் அரை நாள் போய்விடும். ஒரு மாணவி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், இரண்டு நாளுக்கு ஒரு முறை கால்மணி நேரம் தாமதமாக வந்தால் போதும், பருவ முடிவில் 75ஐத் தொட்டும் தொடாமலும் நிற்பாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணும், சினிமாவுக்குப் போனவன் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் வருகிற பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு என்று ஏறி வருவார்கள். வடக்கே போகிற விரைவு ரயில்களுக்கும் சரக்கு ரயில்களுக்கும் வழிவிட்டுப் புறநகர் ரயில் ஒதுங்கி நிற்கும். பெரியவர்கள் இதே காரணத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்தால் செய்தித்தாளில் 'பயணிகள் அவதி' என்று போடுவார்கள். அதே ரயிலில் வந்த மாணவனுக்குக் கிடைப்பது, "ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்துவிட்டுக் காலையில் தூங்கியிருப்பாய்."

2023 ஆகஸ்ட் இறுதியில் நான்காவது ரயில் பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் இறுதியில். வடசென்னையிலிருந்து ரயில் மாறி வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை மாதமும் பஸ்ஸைத் தேடியும் நடந்தும் வந்தார்கள். ரயில்வே நிர்வாகம் அறிவித்த காரணம். ஊரே அறிந்த காரணம். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. படிவம் கேட்பது ஒன்றே ஒன்று: மருத்துவச் சான்று.

இதைவிட நான் அதிகம் யோசித்தது வேறொரு கூட்டத்தைப் பற்றி. எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு நகைக்கடை கொடுத்த தினசரி நாள்காட்டி தொங்குகிறது. அதன் அட்டையில் அந்த ஆண்டின் சுபமுகூர்த்த நாட்கள் அச்சடித்திருக்கும். உறவில் ஒரு கல்யாணத்துக்காகத் தேதி பார்க்க அதைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். பக்கத்திலேயே வருகைக் குறைவுப் பட்டியல். ஒரு பையன் வராத தேதிகளைப் பார்த்தால், முகூர்த்த நாள், அல்லது அதற்கு மறுநாள். இன்னொருவனுக்கும் அப்படியே. ஆனியில் வரவு குறைகிறது. ஆடியில் ஒழுங்காக வருகிறார்கள். ஆவணியில் மறுபடி சரிவு. புரட்டாசி பிறந்ததும் பதிவேடு நிமிர்ந்துவிடுகிறது. மார்கழியிலும் அப்படித்தான், தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, எங்கள் கல்லூரியில் கடைசி வரிசை காலியாகிறது.

அந்தப் பட்டியலில் இருந்த ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உடம்பு சரியில்லை மேடம்" என்று தொடங்கினான். நாள்காட்டி அட்டையைத் திருப்பிக் காட்டினேன். சிரித்துவிட்டான்.

"கேட்டரிங் மேடம். பரிமாறப் போவேன்."

வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட் போட்டுக்கொண்டு, முந்தின நாள் வரவேற்பில் நள்ளிரவு வரை பரிமாறுவார்கள். கடைசிப் பந்தி முடிந்து, மேசைத் தாளைச் சுருட்டிப் போட்டு, பாத்திரம் ஏற்றி முடிக்கும்போது பஸ் இருக்காது. மண்டபத்திலேயே ஒரு மூலையில் படுத்து, விடிவதற்கு முன் எழுந்து காலைச் சிற்றுண்டிக்கு நிற்க வேண்டும். ஒரு வேளைக்கு 500, 600 ரூபாய் கிடைக்குமாம். மண்டபம் ஊர்க் கோடியில் வானகரத்தில் இருந்தால் அங்கிருந்து 8.45 மணி வகுப்புக்கு வந்து சேர்வது நடக்கிற காரியமா? வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் வகுப்பில் கண்ணயர்ந்து, அதற்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள். நாமும் கல்யாணத்துக்குப் போகிறோம். இலையில் சாம்பார் ஊற்றுகிற பையன் எங்கே படிக்கிறான் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அவன் சாதத்தைச் சற்று வேகமாக வைத்துவிட்டால் முகம் சுளிக்க மட்டும் மறப்பதில்லை.

சரி, அவனுடைய விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது? 'தங்கையின் கட்டணத்துக்காகக் கல்யாண மண்டபத்தில் வேலை செய்தேன்' என்று எழுதினால் துறைத்தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். விதியில் அப்படி ஒரு காரணம் இல்லை. ஆகவே அவனுக்கு டைஃபாய்டு வருகிறது. தெரு முனையில் இருக்கும் மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். அவன் வகுப்பில் இன்னும் நான்கு பேருக்கும் அதே பருவத்தில் அதே டைஃபாய்டு. நகர சுகாதார அலுவலர் எங்கள் கோப்பைப் பார்த்தால் குடிநீர்க் குழாயைச் சோதிக்க ஆள் அனுப்பிவிடுவார். உண்மைக்குக் கையெழுத்து மறுத்துவிட்டுப் பொய்க்கு முத்திரை குத்துகிற வேலையைச் செய்வது அலுவலகம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் கூசாமல் பொய் சொல்கிறார்கள்' என்ற பேச்சும் அதே அலுவலகத்தில்தான் தேநீர் வேளையில் நடக்கிறது.

பெயர்க் குழப்பம் இன்னொரு வதை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக நீண்டு நிற்கும். கணினி மூன்றையும் மூன்று ஆட்களாக எடுத்துக்கொள்ளும், உதவித்தொகை நின்றுவிடும். "சொந்தப் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள். அந்த மூன்று இடத்திலும் எழுதியவர் வேறு யாரோ. அலைகிறவள் மட்டும் அந்த மாணவி. இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள், எங்களிடம் ஒரு நாள். வருகைப் பதிவேடு இந்த நாட்களையும் கழித்துக்கொள்ளும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி வேறு விதமான பேச்சு. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் வந்தது. அன்றிலிருந்து, "அந்த ஆயிரத்துக்காகத்தான் கல்லூரிக்கே வருகிறார்கள்" என்று சொல்லாத ஆள் குறைவு. செல்பேசி ரீசார்ஜ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் போக அந்த ஆயிரத்தில் என்ன மிஞ்சும் என்று பெற்றோர்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டு காலை ஆறு மணிக்கு எழுந்து, பஸ்ஸில் நசுங்கி, புள்ளியியலில் அரியர் வைத்து, திரும்ப எழுதி, இதெல்லாம் ஆயிரம் ரூபாய்க்காக என்றால் உலகத்திலேயே மலிவான கூலி அதுதான். அரசு ஊழியர் பஞ்சப்படி வாங்கும்போது, 'பஞ்சப்படிக்காகத்தான் வேலைக்கு வருகிறார்' என்று யாரும் சொல்வதில்லை. நானும் வாங்குகிறவள்தான், அதனால் சொல்கிறேன்.

ஜன்னலுக்கு முன்னால் போனைத் தட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்து எங்கள் அலுவலக உதவியாளர் ஒருநாள் சத்தம் போட்டார். அவள் அப்போது தேடிக்கொண்டிருந்தது தன்னுடைய யூமிஸ் எண்ணை, அதாவது கல்லூரி மாணவர்களுக்கான அரசு இணையதளப் பதிவு எண்ணை. அது இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கக் கூடாதென்று சொல்லியிருந்தவர்களும் நாங்களே.

பஸ் விஷயத்தை எழுதாமல் விட முடியாது. நானும் தினமும் அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறேன். பிள்ளைகள் கும்பலாக நிற்பதைப் பார்த்தால் சில டிரைவர்கள் வண்டியை நிறுத்தத்தில் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். தொற்றியவன் படிக்கட்டில் நிற்கிறான். உடனே, "உள்ளே ஏறி வர முடியாதா? பெற்றவர்கள் அங்கே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். அறிவுரையில் தவறில்லை, உள்ளே இடம் இருந்தால்.

படியில் வேண்டுமென்றே தொங்குகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கத்தியோடு பிடிபட்டவர்களும் இருக்கிறார்கள். அதைப் பூசி மெழுக நான் தயாரில்லை. 2019 ஜூனில் 'பஸ் டே' என்று, தாங்கள் போய்வரும் பஸ்ஸுக்கு விழா எடுப்பதாகச் சொல்லிக் கூரைமேல் ஏறியவர்கள், வண்டி திடீரென்று நின்றபோது முன்பக்கமாகச் சரிந்து கொத்தாகத் தரையில் விழுந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்க்காத வீடு இருக்காது. அன்று கூரைமேல் இருந்தவர்கள் சில பத்துப் பேர். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகளாக, அடையாள அட்டை மாட்டிய ஒவ்வொரு பையனும் நிறுத்தத்தில் பையைத் திறந்து காட்டுகிறான்! வகுப்புக்குத் தாமதமாக வந்த ஒருவன், "போலீஸ் பையைச் சோதித்தார்கள் மேடம்" என்றபோது பக்கத்தில் இருந்த பேராசிரியர், "சும்மா இருந்தவனையா சோதிப்பார்கள்?" என்று கேட்டார். அந்தப் பையில் இருந்தது சாப்பாட்டு டப்பாவும் ஒரு வெள்ளைச் சட்டையும்.

மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கத்துக்கென்று ஒரு வரி உண்டு. 2022 மே மாதம், ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்களை நீக்கினால் காரணத்தை மாற்றுச் சான்றிதழிலேயே குறிப்பிடுவோம் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். எங்கள் கல்லூரியில் பெரும்பாலும் எல்லோருக்கும் 'நன்று' என்றே எழுதுவோம். ஒரு துறைத்தலைவர் மட்டும் ஒரு பையனுக்கு 'திருப்திகரம்' என்று போடச் சொன்னார். காரணம் கேட்டேன். தலைமுடி. பக்கவாட்டில் மழித்து மேலே குருவிக்கூடு மாதிரி விட்டிருந்தானாம். நேர்முகத் தேர்வில் அந்த ஒரு சொல்லைப் பார்க்கிற நிறுவனம் திருட்டா, அடிதடியா என்று யோசிக்குமே தவிர, முடிதிருத்தகத்தை நினைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. விஷயம் கல்லூரி முதல்வர் மேசைக்குப் போய், 'நன்று' என்று திரும்பி வந்தது. அந்தத் துறைத்தலைவர் இப்போதும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஜன்னல் நேரத்தை மாற்றச் சொல்லியும் குறிப்பு எழுதி வைத்தேன். நீண்ட நாள் கிடப்பில் கிடந்து, இந்தக் கல்வியாண்டில் ஒப்புதல் வந்தது. இப்போது காலை ஷிப்ட் முடிந்ததும் 1.30லிருந்து 2.30 வரை திறந்திருக்கிறோம். மாலை ஷிப்ட் பிள்ளைகளும் வகுப்புக்கு முன்பே வந்துவிட்டுப் போகலாம். சாப்பிடும் நேரம் தள்ளிப்போகிறது என்று எங்கள் அறையில் இருவருக்குக் கோபம். முறை வைத்துச் சாப்பிடுகிறோம். படிவத்தில் மருத்துவச் சான்றோடு 'பிற காரணம்' என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டதற்கு, அது பல்கலைக்கழக விதி, நம் கையில் இல்லை என்று பதில் வந்துவிட்டது. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்திருக்கின்றன. டைஃபாய்டு சான்றிதழ்கள் வரத் தொடங்கிவிட்டன.