சருவம்

“வடக்குப் பார்த்தா அக்கா?” என்று கேட்டுவிட்டு, பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. 2024 டிசம்பர், காலை பத்து மணி இருக்கும். அம்மாவுக்கு ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்திவிட்டுப் போக வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். வெயிலைப் பிடிக்கிற எதையும் வடக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது எட்டு வருடத்தில் எனக்கு ஊறிப்போன பாடம். பிளம்பர் என்னோடு வாதாடவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலைக் கண்ணால் காட்டினார். அது வடமேற்கே நீண்டு கிடந்தது. சூரியன் தெற்கே சாய்ந்து நிற்க, நான் அதற்கு முதுகைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

“பெருமாளே மேற்குப் பார்த்துக் கிடக்கிற ஊர் இது. நீ வடக்கே திருப்பச் சொல்கிறாயா மக்களே?” என்று படிக்கட்டிலிருந்து அம்மா கேட்டாள். ஆதிகேசவப் பெருமாளை வெந்நீர் விவகாரத்துக்குள் இழுத்ததற்கு என்னிடம் பதில் இல்லை.

பெர்த் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 32 பாகையில் இருக்கிறது. அங்கே வருடம் முழுவதும் நண்பகல் சூரியன் வடக்கேதான். எங்கள் ஊர் வடக்கே 8 பாகை. சித்திரை தொடங்கி ஆவணி வரை சூரியன் நம் தலையைக் கடந்து வடக்கே போய்வரும், மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். வெந்நீர் வேண்டியிருப்பது மார்கழியிலும் தையிலும். ஆகவே தெற்கு. பிளம்பருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை, நிழல் போதுமாக இருந்தது.

வெந்நீரைப் பற்றி இவ்வளவு யோசிப்பேன் என்று 2016-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வெந்நீர் என்றால் யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று பொருள். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் பேறுகாலத்துப் பெண்ணுக்கும் மட்டும் புறவாசல் அடுப்பில் சருவம் ஏறும். அகன்ற வாய், கனத்த செம்பு, அடிப்பக்கம் கரி பிடித்துத் தார்போல இருக்கும். என் சித்திக்குக் குழந்தை பிறந்தபோது நாற்பது நாளும் அதில் நொச்சியும் புளியிலையும் கொதித்த வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. எரிக்க ஓலை மட்டை, கொதும்பு, சிரட்டை. பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டிய வருடமானால் ரப்பர் விறகு. எதற்கும் காசு கிடையாது. ஊதி ஊதிக் கண் எரிந்தது மட்டும்தான் செலவு.

பெர்த்தில் நான் இறங்கியது ஜூன் மாதம். ஆஸ்திரேலியா என்றால் வெயில் என்று நம்பிப் பெட்டி நிறையப் பருத்தித் துணி கொண்டுபோயிருந்தேன். விடியற்காலையில் எட்டுப் பாகை செல்சியஸ் குளிர். மருத்துவமனையில் காலை ஏழு மணிப் பணி என்பதால் ஐந்து மணிக்கே குளிக்க வேண்டும். வாடகை வீட்டின் குழாயிலிருந்து வந்த தண்ணீர் கையில் பட்டதும் எலும்புக்குள் ஏறியது. அடுத்த வாரமே வெளிச்சுவரில் மாட்டியிருந்த எரிவாயு ஹீட்டர் நின்றுபோனது. ஒரு வாளி வெந்நீர் அடுப்பில் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். உடன் வேலை செய்த மலையாளிச் செவிலிதான், “உடனே வீட்டு ஏஜெண்டுக்குச் சொல். வெந்நீர் இங்கே அத்தியாவசியச் சேவை, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தாக வேண்டும்” என்றாள். நோயாளிக்குக் கிடைக்கிற சலுகையாக நான் அறிந்திருந்த ஒன்று அங்கே குடியிருப்பவரின் உரிமையாக எழுதப்பட்டிருந்தது. அன்று மாலையே ஆள் வந்து சரிசெய்துவிட்டார்.

சொந்த வீடு வாங்கியது 2020-இல். அதோடு எரிவாயுவில் சூடாகும் பழைய வெந்நீர்த் தொட்டி ஒன்றும் வந்தது. 2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை அது அடியில் துருப்பிடித்து ஒழுகிவிட்டது. வெந்நீர்க் கருவி நல்ல நாளில் கெட்டுப்போவதில்லை, குளிர்காலத்தில் விருந்தாளி வீட்டில் இருக்கும்போதுதான் கெடும். அந்த அவசரத்தில் எல்லாரும் பழையதையே மறுபடி வாங்கிவிடுகிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். தடுத்தவர் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர்.

அவர் கூரையில் தொட்டியும் தகடும் சேர்ந்த பழைய சூரிய ஹீட்டர் ஒன்று உண்டு. அடியில் தகட்டில் சூடான தண்ணீர் இலேசாகி மேலே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. சோலாஹார்ட் என்ற பெர்த் நிறுவனம் 1953-லேயே இந்த வகையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று ஊர்ப்பெருமை பேசினார். பிறகு என்னைத் தன் கொட்டகைக்கு அழைத்துப் போய், மரத்தூளுக்கு நடுவிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையில் கட்டை விரல் பருமன், மறுமுனையில் குச்சி போல அரித்துப் புண்ணாகியிருந்தது. மக்னீசியக் கம்பி. தொட்டிக்குள் இது இருக்கும்வரை தண்ணீர் இதைத்தான் தின்னும், இரும்பைத் தொடாது. தின்று தீர்ந்த பிறகு தொட்டியின் முறை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் தொட்டி கிழவராகும்வரை வாழும் என்றார். எங்கள் தொட்டியை யாரும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பது ஒழுகிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைசியில் நாங்கள் சூரிய ஹீட்டர் வாங்கவில்லை, ஹீட் பம்ப் வாங்கினோம். காரணம் கூரையில் ஏற்கெனவே சூரிய மின்சாரத் தகடுகள் இருந்ததுதான். நண்பகலில் அவை தருகிற மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்தால் யூனிட்டுக்கு இரண்டு மூன்று சென்ட் தருவார்கள். இரவில் நாம் வாங்கும்போது முப்பதுக்கு மேல். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அந்த மின்சாரத்தை வெந்நீராக்கித் தொட்டியில் போட்டு வைப்பது மேல் என்று என் கணவர் கணக்குப் போட்டார். குளிர்காலத்தில் 200 லிட்டரை 15 பாகையிலிருந்து 60-க்கு ஏற்ற வேண்டும் என்றால் சாதாரண மின் ஹீட்டருக்குப் பத்தரை யூனிட் ஆகும். ஹீட் பம்ப் குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டது போன்றது, வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அதே வேலைக்கு மூன்றரை யூனிட் அளவில் போதும். காலை பத்திலிருந்து இரண்டு வரை மட்டும் ஓடும்படி நேரம் வைத்திருக்கிறோம். அது வெளியே விடுகிற காற்று சில்லென்று இருக்கும். ஜனவரி வெயிலில் என் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் போய் நிற்பான்.

ஆஸ்திரேலிய மத்திய அரசின் சான்றிதழ்த் திட்டத்தால் விலையில் ஒரு பகுதி குறைந்தது. சூரிய ஹீட்டருக்கும் ஹீட் பம்புக்கும் அந்தச் சலுகை உண்டு, 2030-இல் முடிகிறது. வருடம் கூடக்கூடச் சலுகை சுருங்கும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் ஓடிப்போய் மாற்ற வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் எரிவாயு மலிவு. ஏற்றுமதித் திட்டங்கள் 15 விழுக்காட்டுக்கு ஈடான எரிவாயுவை உள்ளூருக்கு ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 2006 முதல் இருக்கிறது. கூரையில் மின்தகடு இல்லாத சிறு குடும்பத்துக்கு ஹீட் பம்ப் போட்ட பணம் திரும்பி வர வெகுகாலம் ஆகும். எங்களுக்கு வந்த முதல் விற்பனையாளர் இதையெல்லாம் சொல்லவில்லை. தொட்டியை 50 பாகையில் வைத்தால் இன்னும் மிச்சம் பிடிக்கலாம் என்று வேறு யோசனை சொன்னார். செவிலியிடம் சொல்லக்கூடாத யோசனை அது. வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற நுண்ணுயிரி பெருகும், நுரையீரலைத் தாக்கும். அதனால்தான் தேக்கி வைக்கிற தண்ணீர் 60 பாகைக்குக் குறையக்கூடாது. அதே தண்ணீர் குளியலறைக் குழாய்க்கு வரும்போது கலப்பு வால்வு ஒன்று அதை 50-க்குமேல் போகாமல் இறக்கிவிடும், குழந்தையின் தோல் வெந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த ஆளை அத்தோடு அனுப்பிவிட்டேன்.

இந்த ஞானத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால், அம்மாவின் தேவை இரண்டு வாளி. முழங்கால் வலிக்குக் காலையில் ஒன்று, படுக்கும் முன் கால் ஊற வைக்க ஒன்று. அதற்குக் குனிந்து, அடுப்பு மூட்டி, கொதிக்கிற சருவத்தைத் துணி போட்டுப் பிடித்து இறக்குகிறாள். ஒருமுறை பாதத்தில் கொட்டிக்கொண்டதை எனக்கு மூன்று மாதம் கழித்து மாமிதான் சொன்னார். கீசர் வைக்கலாம் என்றால் அம்மா ஒப்பவில்லை. அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவள். கட்டணம் பூஜ்யம் என்று வருகிற சீட்டை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பாள். இரண்டு கிலோவாட் கீசர் தினம் அரைமணி ஓடினால் ஒரு யூனிட், இரண்டு மாதத்தில் அறுபது. “சீட்டில் எண் விழுந்துவிடும்” என்றாள். அதற்குமேல் பேச்சு இல்லை.

ஆகவே கண்ணாடிக் குழாய் வைத்த 100 லிட்டர் சூரிய ஹீட்டர். பொருத்தியது எளிதாக முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி மாடித் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. வெந்நீர்த் தொட்டி அதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கி நிரம்பும். கொத்தனாரை அழைத்து நான்கு தூண் எழுப்பி, பழைய தொட்டியைத் தூக்கி வைக்க ஐந்து நாள். தென்புறத்துத் தென்னையின் ஓலை நிழல் பன்னிரண்டு மணிக்கு வந்து குழாய்கள்மேல் படுத்தது. மரத்தை வெட்டுவதா என்று அம்மா முறைத்ததில் ஹீட்டர்தான் நகர்ந்தது. முதல் நாள் வேலைக்கு வந்த ஆள் வெந்நீர் வழிக்குச் சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாயைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் விட்ட நான்காம் நாள் நல்ல வெயில். மாலையில் போய்ப் பார்த்தால் குழாய் இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே சாரைப்பாம்பு போலத் தொய்ந்து கிடந்தது. சூட்டைத் தாங்குகிற சி.பி.வி.சி. குழாய்க்கு மாற்றி, மேலே பஞ்சுறை சுற்றினோம்.

இங்கே கலப்பு வால்வு எல்லாம் கிடையாது. குழாயைத் திறந்தால் மாசி வெயிலில் கை வெந்துவிடும் சூடு வரும். எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாளியை இழுத்துப் போட்டு, பச்சைத்தண்ணீரைப் பாதி பிடித்து, அதன்மேல் வெந்நீரைத் திறந்து, புறங்கையை நனைத்துப் பார்த்தாள். “குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா?” என்றாள். மாடியிலிருந்து குளியலறைக்கு நாற்பது அடிக் குழாய். திறந்தவுடன் வருகிற ஆறிய தண்ணீர் அரை வாளி. பெர்த்தில் அது சாக்கடைக்குப் போகும். அம்மா அதைக் கறிவேப்பிலை மூட்டுக்கு ஊற்றுகிறாள்.

விடுப்பு முடிந்து திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பழைய பாத்திரக்காரர் வந்தார். சருவத்தைத் தட்டிப் பார்த்து, செம்பு கனமாக இருக்கிறது என்று நல்ல விலை சொன்னார். இனி எதற்கு என்று நானும் சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் புளி போட்டுத் துலக்கி, அடுப்பின்மேலேயே கவிழ்த்து வைத்தாள்.

இந்த ஜூலையில் எங்களுக்கு இங்கே குளிர். பகல் ஒரு மணிக்கு அழைத்தேன், அங்கே பத்தரை. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ஆறு நாளாக மழை, மேலே தண்ணீர் வெதுவெதுப்புக்குமேல் ஏறவில்லை என்றாள்.

“அப்படியானால் என்ன செய்கிறாய்?”

“சருவத்தை நிமிர்த்தியாயிற்று. நீ சொன்ன மாதிரி மேலேயிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைப் பிடித்து அதில் ஊற்றினால் பாதி விறகு போதும் மக்களே.”

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

“ஆளில்லாமல் எப்படி இறக்குகிறாய்?” என்று கேட்டேன்.

“யார் இறக்குகிறார்கள்? மாமி செம்பு கொண்டுவந்து கோரித் தருகிறாள். அவளுக்கும் ஒரு வாளி உண்டு. அடுப்பு அணையப் போகிறது, வை.”