கன்னிச்சவ்வு சாட்சி சொல்லாது

ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதித்து, அவள் உடலுறவு கொண்டிருக்கிறாளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கணவனால் முடியாது, குடும்பத்துப் பெரியவர்களால் முடியாது, அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவராலும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே சைக்கிள் ஓட்டினால் கன்னிச்சவ்வு கிழியுமா, குதித்தால் கிழியுமா என்று எங்கேயோ போய்விடுகிறது, சொல்ல வேண்டியது கடைசி வரை வருவதே இல்லை.

கல்யாணம் நிச்சயமான தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "முதல் தடவை எனக்கு ரத்தம் வரலைன்னா அவர் என்னடி நினைப்பார்?" நன்றாகப் படித்தவள், நல்ல வேலையில் இருப்பவள். வலிக்குமா, கர்ப்பத்தைத் தள்ளிப்போட என்ன செய்யலாம் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. தன் உடம்பே தனக்கு எதிராகப் பொய் சொல்லிவிடுமோ என்பதுதான் அவள் பயம். அவள் இதற்கு முன் யாரோடாவது உறவு கொண்டிருந்தாலும் அது அவள் சொந்த விஷயம் என்பது என் கருத்து. ஆனால் எதுவுமே நடக்காத ஒரு பெண்ணையும் இந்தப் பயம் விடுவதில்லை.

சரி, கன்னிச்சவ்வு என்பது என்ன? யோனியின் வாயருகே, உள் விளிம்பை ஒட்டி இருக்கும் மெல்லிய சதை மடிப்பு, அவ்வளவுதான். புட்டியில் ஒட்டிய சீல் மாதிரி அது எதையும் மூடிக்கொண்டிருக்கவில்லை. பிறக்கும்போதே அதில் திறப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் மாதவிடாய் ரத்தம் எந்த வழியாக வெளியே வரும்? மிகச் சில பெண்கள் மட்டும் திறப்பே இல்லாமல் பிறக்கிறார்கள். அவர்களுக்குப் பருவ வயதில் ரத்தம் உள்ளேயே தேங்கி மாதாமாதம் அடிவயிறு வலிக்கும், சிறிய அறுவை சிகிச்சை செய்துதான் சரிசெய்ய வேண்டும். ஊர் நினைக்கிற "முழுதாக மூடிய" சவ்வு உண்மையில் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒரு குறை.

மற்றபடி அது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு வளையம், சிலருக்குப் பிறை, சிலருக்கு நடுவில் ஒரு பட்டை ஓடி இரண்டு துளைகள், இன்னும் சிலருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிற அளவுக்குக் கொஞ்சமாக. வயதோடும் மாறும். சிறுமிகளுக்கு மெல்லிசாக, தொட்டாலே வலிக்கிற மாதிரி இருப்பது, பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடக் கூடத் தடித்து, நன்றாக நெகிழ்ந்து கொடுக்கிற தன்மைக்கு வந்துவிடுகிறது. அதனால் உடலுறவின்போது பலருக்கு அது விரிந்து கொடுத்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். லேசாகக் கிழிந்தாலும் பெரும்பாலும் சீக்கிரம் ஆறிவிடும், தழும்பு தெரியாது. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பமாக இருந்த 36 பதின்வயதுப் பெண்களைப் பரிசோதித்தபோது, உறவு நடந்ததற்கு உறுதியான உடல் அடையாளம் 2 பேரிடம் மட்டும்தான் கிடைத்தது. வயிற்றில் குழந்தையோடு இருந்த மற்ற பெண்களிடமே ஒன்றும் தெரியவில்லை என்றால், விரிப்பில் கறையைத் தேடுகிறவர் எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்?

ரத்தம் சிலருக்கு வரும், பலருக்கு வராது. வருகிற ரத்தமும் எப்போதும் சவ்விலிருந்து வருவதில்லை. போதுமான ஈரம் இல்லாமல் அவசரமாக நடக்கும்போது யோனிச் சுவர் உரசிப் புண்ணாகி வருவதும் உண்டு. அதாவது "கற்புக்குச் சான்று" என்று சிலர் மகிழ்கிற அந்தக் கறை, பயந்துபோன ஒரு பெண்ணை அவசரப்படுத்தியதன் அடையாளமாக இருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "முதல் தடவை வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சிக்கோ" என்கிற அறிவுரையும் இதே ரகம்தான். பயத்தில் இடுப்புத் தசைகள் இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் அடுத்த முறை பயம் இன்னும் கூடும். வலித்தால் நிறுத்துங்கள், நிறுத்தச் சொல்லுங்கள். தொடர்ந்து வலித்தால், அல்லது ரத்தம் நிற்காமல் போனால் மருத்துவரைப் பாருங்கள், தசை இறுக்கத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அப்புறம் அந்த சைக்கிள் விஷயம். "விளையாடும்போதும் கிழிஞ்சிருக்கலாமே" என்று பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாதம் தப்பான பரிசோதனையை அப்படியே ஏற்றுக்கொண்டு, விதிவிலக்கு மட்டும் கேட்கிறது. சவ்வு "போயிருந்தால்" ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று ஆகிவிடுகிறது. விளையாட்டே தெரியாத பெண் அப்போது என்ன காரணம் சொல்வாள்? சாக்குச் சொல்லி யாரையும் காப்பாற்ற வேண்டாம், பரிசோதனையே பொய் என்று சொல்லுங்கள்.

இந்தப் பொய் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் யோனிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "பழக்கப்பட்டவள்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்த மருத்துவர்கள் இருந்திருக்கிறார்கள். காயம் இல்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று வாதாடியவர்களும் இருந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை, எல்லா நாடுகளும் நிறுத்த வேண்டும் என்று அறிவித்தன. இந்திய உச்ச நீதிமன்றம் இரு விரல் பரிசோதனை தனியுரிமையை மீறுவதாக 2013-இல் சொன்னது. 2022-இல், அதைச் செய்கிற மருத்துவர் நடத்தைக் குற்றம் செய்தவர் ஆவார் என்று இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டிவந்தது. ஒரு முறை சொன்னது போதவில்லை பாருங்கள்.

மற்ற கட்டுக்கதைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். உறவு கொண்டால் யோனி "தளர்ந்துவிடும்" என்பது பொய், அது மடிப்புகளும் தசையும் கொண்ட, விரிந்து சுருங்குகிற உறுப்பு. பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத் தளத் தசைகளில் மாற்றம் வரலாம், அது வேறு விஷயம். மார்பின் அளவு, நடை, யோனி உதடுகளின் நிறம், எதுவும் ஒருத்தியின் கடந்த காலத்தைச் சொல்லாது. மாதவிடாயின்போது யோனிக்குள் வைக்கிற டாம்பானோ மென்ஸ்ட்ருவல் கப்போ யாருடைய கன்னித்தன்மையையும் எடுத்துவிடாது. சிறுநீர் வருகிற துளை வேறு, யோனி வேறு, இது தெரியாத பெரியவர்கள் ஏராளம். நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் இயல்பானது. யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், உள்ளே சோப்பு போட்டுக் கழுவினால் நல்ல பாக்டீரியாக்கள்தான் பாதிக்கப்படும்.

இத்தனைக்கும் நடுவில் சவ்வைத் "திரும்பத் தைத்துத்" தருகிற அறுவை சிகிச்சை ஒரு வியாபாரமாக நடக்கிறது. தைத்துக்கொண்டாலும் ரத்தம் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பிரிட்டன் 2022-இல் கன்னித்தன்மைப் பரிசோதனையையும் இந்த அறுவை சிகிச்சையையும் சட்டப்படி குற்றமாக்கியது. அதைத் தேடிப் போகிற பெண்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, சிலருக்கு அது உயிர் பயம். கோபமெல்லாம் கன்னித்தன்மைச் சான்றிதழ் எழுதித் தருகிற மருத்துவர்கள்மேல்தான். படித்த படிப்பில் இல்லாத ஒன்றை அவர்கள் எந்த ஆதாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்?