கஞ்சி போட்ட பாவாடையும் ஏற்காட்டு மூடுபனியும்

ஏற்காட்டிலுள்ள ஒரு பள்ளியின் ஆண்டு விழா நாடகத்துக்கு உடை தைக்கும் பொறுப்பு சென்ற டிசம்பரில் என்னிடம் வந்தது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த கதை அது. துரைசானியாக நடிக்கும் பதினோராம் வகுப்பு மாணவிக்கு, உள்ளே இரும்பு வளையம் வைத்துக் குடைபோல விரியும் கவுன் வேண்டும் என்றார்கள். அந்த வளையக்கூடு 1856இல்தான் காப்புரிமை பெற்றது என்பதால், காக்பர்ன் காலத்துக்கு அது பொருந்தாது என்று மறுத்துவிட்டேன்.

புடவைக்கு உள்பாவாடை சரியாக அமையாவிட்டால் கொசுவம் நிற்காது என்பதை அறிந்த நானே, முதலில் கவுனைத் தைத்து முடித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உள்ளாடைகளை அணிவித்த பிறகு மார்புச் சுற்றளவு மாறிற்று. பாவாடை பக்கவாட்டில் விரிந்ததால் கவுனின் கீழ்விளிம்பு மூன்று அங்குலம் மேலேறிக் கணுக்கால் தெரிந்தது. கவுனைப் பிரித்து வைத்துவிட்டு, உடம்பை ஒட்டிய முதல் துணியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

ஷிஃப்ட் எனப்படும் அந்த முதல் துணி, முழங்கால் வரை வரும் தளர்ந்த அங்கி. அன்று பெரும்பாலும் லினனில் தைத்தார்கள். நான் அம்மாபேட்டையில் வாங்கிய காடாத் துணியை நனைத்துக் காயவைத்துச் சுருங்கச் செய்தபின் வெட்டினேன். எல்லாம் நேர்க்கோட்டு வெட்டுதான். அக்குளில் சதுரத் துண்டு ஒன்றைக் கோணலாகத் திருப்பி வைத்தால், கையைத் தூக்கும்போது துணி இழுபடாது.

அதன்மேல் வருவது ஸ்டேஸ், அதாவது அக்காலக் கச்சு. மார்பைத் தாங்குவதற்கு முக்கோணத் துண்டுகள், ஆங்காங்கே நூல்கயிறு செருகிய வரிகள், முன்பக்க நடுவில் ஓர் உறை. அந்த உறைக்குள் பஸ்க் என்ற தட்டையான மரப்பட்டையை நுழைப்பார்கள். முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மழுக்கிய ஓர் அடி மர அளவுகோலே எனக்குப் பஸ்க் ஆயிற்று. அதை அணிந்ததும் அந்தப் பெண்ணால் முதுகை வளைத்து உட்கார முடியவில்லை. இடுப்பிலிருந்து நிமிர்ந்தபடியே குனிந்தாள். நடிப்பாசிரியர் ஒரு வாரமாகச் சொல்லியும் வராத துரைசானி நடை அன்று தானாகவே வந்துவிட்டது. பின்பக்க நாடாத் துளைகளுக்கு உலோக வளையம் வைக்காமல், இழை அறாதபடி குத்தூசியால் விலக்கிச் சுற்றிலும் காஜா தையல் போட்டேன். இருபது துளைகளுக்கு இரண்டு இரவுகள் ஆயின. உள் தையல்களை மிஷினில் ஓட்டியதை ஒப்புக்கொள்கிறேன்.

வளையக்கூடு இல்லாமலே கவுனை விரித்து நிறுத்த வேண்டிய உள்பாவாடைதான் என்னை அதிகம் சோதித்தது. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே கயிற்றை வைத்து, அதை ஒட்டியே தையல் ஓட்டி, விளிம்பிலிருந்து மேல்நோக்கி இருபத்துநான்கு வரிகள் எழுப்பினேன். கயிற்றை நனைத்துச் சுருக்காமல் வைத்ததால் முதல் சலவையிலேயே பாவாடை பப்படம்போல நெளிந்தது; எல்லாவற்றையும் பிரித்து, கொதிநீரில் ஊறிய கயிற்றால் மீண்டும் தைத்தேன். அதன்மேல் அணிய, கயிறில்லாத மெல்லிய பாவாடை ஒன்றுக்குச் சோற்றுக்கஞ்சி கெட்டியாகப் போட்டு மொட்டைமாடியில் காயவைத்தேன். சேலம் வெயிலில் அது பிடிமானமின்றித் தனியே நின்றது.

விழா நாளன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனபோது ஏற்காடு முழுவதும் மூடுபனி. ஐந்து மணிக்குள் கஞ்சிப் பாவாடை ஈரத்தில் தொய்ந்து காலைச் சுற்றிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டுக் கயிற்றுப் பாவாடையின் மேலேயே கவுனை அணிவித்தோம். வரிகள் இலேசாகத் தெரிந்தாலும், காப்பி நாற்றை வாங்கக் குனிந்த காட்சி வரை அந்த விரிவு குறையவே இல்லை.