மோட்டோரோ திருக்கை வளர்ப்பு: முள்ளைவிடப் பசிதான் பெரிய வேலை

நன்னீர் திருக்கை வளர்க்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வால் முள்ளைப் பற்றித்தான். முள் ஆபத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதுவரை எனக்கு வேலை வைத்தது முள் இல்லை, அந்த மீனின் பசி. தொட்டியின் அளவு, ஃபில்டர், தண்ணீர் மாற்றுவது எல்லாமே அது எவ்வளவு தின்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

நான் எடுத்தது மோட்டோரோ இனத்தில் ஓர் ஆண், ஒரு பெண். பழுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கறுப்பு வளையம். அமேசான், ஒரினோகோ, பரானா ஆற்றுப் படுகைகளில் வாழும் இனம் இது. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி வைத்த லியோபோல்டி இன்னும் அழகு, ஆனால் அது பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகைக்கே உரியது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2022 மாநாட்டில் அதையும் வேறு சில திருக்கை இனங்களையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எடுப்பவர்கள் காகிதங்களைக் கேட்டு வாங்குவது நல்லது. ‘டீகப்’ என்று விற்பதைத் தனிக் குள்ள இனம் என்று நம்பவும் வேண்டாம். அது வெறும் குட்டி, வளரத்தான் செய்யும்.

என்னுடைய இரண்டும் தொட்டியிலேயே பிறந்தவை. ஆற்றில் பிடித்தவை பல நேரம் ஒட்டுண்ணியோடும் ஒட்டிய வயிற்றோடும் வந்து சேரும். ஆண், பெண் பார்ப்பது சுலபம்: ஆணுக்கு இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பில் விரல் மாதிரி இரண்டு உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், குட்டியிலேயே தெரியும்.

தொட்டி எட்டடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி உயரம். திருக்கைக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை, தரைப்பரப்புதான் கணக்கு. மோட்டோரோவின் உடல் தட்டு மட்டுமே அரை மீட்டர் அகலம் வரை போகும், வால் தனி. இரண்டடி அகலத் தொட்டியில் அது திரும்பக்கூடச் சிரமப்படும். முக்கால் பங்கு நிரப்பினாலே தண்ணீர் ஆயிரத்து முந்நூறு லிட்டரைத் தாண்டுகிறது, ஆகவே மாடியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் பேசிவிடுங்கள். உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை. அடியில் நைசான மணல், மெல்லிய படலமாக மட்டும். கூரான கற்கள் வயிற்றுப் பக்கத் தோலைக் கிழித்துவிடும். ஹீட்டரைச் சம்ப்புக்குள், அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கும் துணைத் தொட்டிக்குள், வைத்துவிட்டேன். தொட்டிக்குள் இருந்தால் அதன் மேலேயே போய்ப் படுத்துச் சூடுபட்டுக்கொள்ளும், நகர வேண்டும் என்று அதற்குத் தோன்றாது போலிருக்கிறது. வெப்பம் 27 டிகிரி செல்சியஸ்.

வந்த புதிதில் இரண்டும் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தன. கண்களுக்குப் பின்னால் ஒரு துளை இருக்கிறது. வாய் தரையோடு ஒட்டிக் கிடப்பதால் அந்த மேல் துளை வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடும். அது சீராகத் திறந்து மூடுகிறதா, வேகமாக அடித்துக்கொள்கிறதா என்று பார்த்தாலே பாதி உடல்நிலை தெரிந்துவிடும். மீதி, தட்டின் விளிம்பில். ஓரம் மேல் நோக்கிச் சுருண்டு அப்படியே நின்றால் நிலைமை மோசம், பெரும்பாலும் கை மீறிவிட்ட கட்டம்.

முதலில் கொடுத்தது உயிருள்ள மண்புழு. கண் மேலே, வாய் கீழே என்பதால் தின்பதை அது பார்க்கவே முடியாது. மோப்பமும், இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்துடிப்பை உணரும் திறனும்தான் வழிகாட்டி. புழுவின் மேல் போய்ப் படுத்து, தட்டை இறுக்கித் தரையோடு மூடி, உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தட்டு முழுக்க ஒரு நடுக்கம் ஓடும், மென்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மோட்டோரோ பூச்சிகளின் கடினமான ஓட்டைத் தாடையை இருபுறமும் அசைத்து மென்று தின்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வே வந்தது. பாலூட்டிகளைப் போல மெல்லும் மீன்! எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

மண்புழு பழகியதும் உரித்த இறால், அப்புறம் மீன் துண்டு, கடைசியில் மூழ்கும் குச்சித் தீவனம் என்று மெல்ல மாற்றினேன். இறாலோ ஒரே வகைப் பச்சை மீனோ மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. சிலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினை அழித்துவிடும். இப்போது நாளைக்கு இரண்டு வேளை. நான் பக்கத்தில் போனாலே கண்ணாடியில் ஏறி வெள்ளை வயிற்றைக் காட்டிப் படபடக்கின்றன. அதை நம்பித் தீனி போட்டுக்கொண்டே போனால் தண்ணீர் தாங்காது.

ஏன் தாங்காது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடல் திருக்கைகள் யூரியாவை ரத்தத்திலேயே தேக்கி வைத்துக் கடலின் உப்பைச் சமாளிக்கின்றன. ஆற்றுக்குள் வந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆனதில் இந்தக் குடும்பம் அந்தத் திறனையே இழந்துவிட்டது. கழிவு பெரும்பாலும் அமோனியாவாக நேராகத் தண்ணீரில் கலக்கிறது. மாமிசம் மட்டுமே தின்னும் உடம்பு, அதுவும் வேகமாக வளரும் வயது. உப்புப் போட்டால் நல்லது என்று சிலர் சொல்வதை நான் கேட்பதில்லை, இது உப்பை எதிர்பார்க்கும் உடம்பு இல்லை.

அதனால் சம்ப் பெரிதாக வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு தொட்டியிலிருந்து பயோ மீடியாவை (அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கும் ஃபில்டர் பொருள்) எடுத்துப் போட்டுத்தான் ஆரம்பித்தேன், எனவே அமோனியாவும் நைட்ரைட்டும் முதலிலிருந்தே பூஜ்ஜியம். தீனி கூடக் கூட ஏறியது நைட்ரேட். அதை 20 பிபிஎம்முக்குக் கீழே வைக்க வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். குளோரின் இருக்கும் தண்ணீரை நேராக விடக் கூடாது, மற்ற மீன்களைப் போலச் செதில் மூடாத தோல் தாங்காது. தாமிரம் கலந்த மருந்துகளும் அதே காரணத்துக்காக வீட்டிலேயே இல்லை.

நான் எதிர்பார்க்காதது பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு. 7.2இல் ஆரம்பித்தது, மெல்ல இறங்கி 6.3க்கு வந்து நின்றது. அமோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அந்த வேலைக்கு, அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது: ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்குச் சுமார் ஏழு மில்லிகிராம். மென்நீரில் அந்தக் கையிருப்பே குறைவு. பிஎச் இன்னும் விழுந்தால் பாக்டீரியாவே மந்தமாகிவிடும். சம்ப்பில் ஒரு வலைப்பை நிறையப் பவளத் துகள் போட்டதும் 6.8 பக்கம் நிலைத்தது. சட்டென்று 8க்கு ஏற்றுவதும் ஆபத்து. 27 டிகிரியில், பிஎச் 7இல் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும், 8இல் அது ஆறு சதவீதம் ஆகிவிடும்.

சரி, முள். அது ரம்பப் பல் வைத்தது, உறைக்குள் விஷம். அவ்வப்போது பழையது உதிர்ந்து புதியது வரும். உதிர்ந்த ஒன்றை மணலில் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். அது தேடிவந்து குத்தும் மீன் இல்லை, மிதித்தால் அல்லது அழுத்திப் பிடித்தால் குத்தும். சுத்தம் செய்யும்போது அது எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் கை விடுவதில்லை. வலையில் முள் சிக்கிக்கொள்ளும் என்பதால் இடம் மாற்ற பிளாஸ்டிக் டப்தான். குத்திவிட்டால் தோல் வெந்துபோகாத அளவு சூடான தண்ணீர், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வலி அடங்கும்வரை காயத்தை முக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கூட விட்டிருப்பது சில்வர் டாலர் மீன் கூட்டம் ஒன்று மட்டும். மேல் தண்ணீரில் அதுபாட்டுக்குச் சுற்றுகிறது. உறிஞ்சும் வாய் கொண்ட பெரிய பிளெக்கோ மீனை விட வேண்டாம், ராத்திரியில் திருக்கையின் முதுகில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும்.

இப்போதைய நிலவரம்: ஆண் பெண்ணைத் துரத்த ஆரம்பித்திருக்கிறது. தட்டின் ஓரத்தைக் கடித்துப் பிடிப்பதுதான் இவற்றின் இணைசேரும் முறை, பெண்ணின் விளிம்பில் வளைவு வளைவாகக் கடித்தடம். காயம் ஆழமானால் தடுக்க, துளை போட்ட ஒரு தடுப்புப் பலகையை அறுத்து வைத்துவிட்டேன், தேவைப்படும்போது இறக்குவேன். கருத்தரித்தால் குட்டிகள் முட்டையாக இல்லாமல் உயிரோடு பிறக்கும். அதுவரை பெரும்பாலும் கருப்பையில் சுரக்கும் பால் போன்ற திரவம்தான் அவற்றுக்கு உணவு. தொட்டியில் ஏறத்தாழ மூன்று மாதக் கணக்கு என்கிறார்கள். அதற்காகவே குட்டித் தொட்டிக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை பாக்டீரியா படியட்டும் என்று இப்போதே சம்ப்பில் போட்டு ஓடவிட்டிருக்கிறேன்.