ஒப்பந்தத்தின் பின்பக்கங்கள்
பெருநிறுவனமும் புத்தொழில் நிறுவனமும் நாடு கடந்து கைகோக்கும்போது முதலீட்டுத் தொகைதான் தலைப்புச் செய்தியாகிறது. எனக்கோ, அறிவுசார் சொத்துரிமை யாருக்கு என்ற பிரிவைத்தான் முதலில் தேடத் தோன்றும்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2008இல் தொடங்கப்பட்ட பயோஎன்டெக், அமெரிக்காவின் ஃபைசருடன் 2018இல் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசிக்காக ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. ஒருவர் வேலைமுறையை மற்றவர் ஏற்கெனவே அறிந்திருந்தது, 2020 மார்ச்சில் கொரோனா தடுப்பூசிக்காக இரு தரப்பும் விரைந்து இணையப் பெரிதும் உதவியது என்றே கருதுகிறேன். எம்ஆர்என்ஏ நுட்பம், அதாவது கிருமியின் புரதத்தைச் செய்யும் குறிப்பை உடலின் செல்களுக்குத் தரும் தடுப்பூசி முறை, சிறிய நிறுவனமான பயோஎன்டெக்கிடம் இருந்தது. பல நாடுகளில் பல்லாயிரம் பேரிடம் பரிசோதனை நடத்தி, பெருமளவில் உற்பத்தி செய்து, உலகெங்கும் விநியோகிக்கும் வலிமை பெரிய நிறுவனத்திடம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பிரிட்டன் அனுமதி அளித்தது. (காய்ச்சலுக்காகத் தொடங்கிய நட்பு எங்கே போய் நின்றது, பாருங்கள்!)

எல்லாக் கூட்டும் இவ்வளவு இயல்பாக அமைவதில்லை. 2024இல் பாரிஸின் மிஸ்ட்ரல் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் இட்டது வெறும் 1.5 கோடி யூரோ; அதையும் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் பிரிட்டன் ஆணையம் ஆராய்ந்த பிறகே, நிறுவன இணைப்பு விதிகளுக்குள் அது வராது என்று விட்டது.